பளபளப்பு குறித்து ஒரு சந்தேகம்

வீட்டில் செய்த பண்டத்துக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு, கடையில் வாங்கியது போலவே இருக்கிறது என்பது. கடைக்காரன் தன் பண்டத்தைப் பற்றிச் செய்துகொள்ளும் உச்சபட்ச விளம்பரம், வீட்டில் செய்தது போல என்பது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நாம் தின்றுகொண்டிருக்கிறோம். சென்ற மாதம் நான் செய்த 12 க்ருவாஸான்களை முன்வைத்து இதைச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

செய்முறை பொறுமையைக் கேட்பது. அரை கிலோ மைதாவில் பால், ஈஸ்ட், சர்க்கரை, உப்பு சேர்த்துப் பிசைந்து குளிரவைத்து, கால் கிலோ வெண்ணெயைத் தகடாகத் தட்டி உள்ளே வைத்து மூட வேண்டும். தேய்த்து மூன்றாக மடிப்பு, ஃப்ரிஜ்ஜில் ஓய்வு, மறுபடி தேய்ப்பு. மூன்று முறை மடித்தால் வெண்ணெய் 27 அடுக்குகளாகிறது. ஓவன் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கிப் பிரிக்கிறது. எல்லாம் வெண்ணெய் திடமாக இருக்கும்வரைதான். இளகி மாவோடு கலந்துவிட்டால் பிறகு கிடைப்பது பன். என்னுடையது இரண்டாவது மடிப்பிலேயே அப்படி ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்தது. மடித்துக்கொண்டே இருந்தேன்.

வெந்து வந்தவை சோகையாக இருந்தன. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கொதிக்கவைத்த பாகைச் சூட்டோடு பூசினேன். உடனே ஒரு மினுமினுப்பு. வந்திருந்த நண்பர்கள் மேற்சொன்ன பாராட்டை வழங்கினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருப்பது பொய்யா? நினைப்பதையெல்லாம் சொல்லும் துணிவு தனக்கு இல்லாது போகலாம், நினைக்காததை ஒருபோதும் சொல்லமாட்டேன் என்கிற பொருளில் கான்ட் 1766-ல் மெண்டல்ஸ்ஸோனுக்கு எழுதுகிறார். பொய்யை எந்தச் சூழ்நிலையிலும் மன்னிக்காத மனிதர், மௌனத்துக்கு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறார். அதன் வழியே நான் வெளியேறிவிடலாம். ஆனால் என் பின்னாலேயே பாரிஸ் கடைக்காரனும் வருகிறான். பிரான்ஸில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரொட்டியை அங்கேயே பிசைந்து சுடாதவன் தன் கடையை 'பூலாஞ்ஜெரி' என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. சட்டம் ரொட்டியோடு நின்றுவிடுகிறது. தொழிற்சாலையிலிருந்து உறைந்த நிலையில் வந்த க்ருவாஸானை அதே பலகையின் கீழ் சுட்டு விற்கலாம். பலகை மௌனம் சாதிக்கும்.

அங்கே இன்னொன்றும் உண்டு. நேராக இருப்பது வெண்ணெயில் செய்தது, பிறையாக வளைந்தது மார்கரினில் செய்தது என்பது பல கடைகளில் மரபு. எழுதிய சட்டமல்ல. ஆனாலும் அந்த மரபு தெரிந்த ஊரில் மார்கரினை நேராகச் சுருட்டி விற்பவன் வாய் திறக்காமலே பொய் சொல்கிறான். உருவம் பேசுமென்றால் பளபளப்பும் பேசும். நான் மௌனமாக இருந்தேன் என்பது சரியல்ல, பிரஷ் பேசிக்கொண்டிருந்தது.

இதனால் பூச்சே பொய் என்று சொல்ல வரவில்லை. அலங்காரத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் தூய்மைவாதம் நம் கவிதை விமர்சனத்தில் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறது. நன்றாக அடுக்குப் பிரிந்த ஒன்றின்மீது அதே பாகு வெறும் இனிப்பு. வித்தியாசம் பாகில் இல்லை. பூசும்போது எனக்கு என்ன தெரிந்திருந்தது என்பதில் இருக்கிறது. சரித்திரத்தைத் துணைக்கு அழைக்கவும் முடியும். 1830-களின் இறுதியில் ஆகஸ்ட் ஸாங் பாரிஸில் வியன்னா பேக்கரி திறந்து விற்ற கிப்ஃபெல்லில் இந்த அடுக்குகள் கிடையாது. அவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தவை. ஆக என் பன்கள்தான் மூலத்துக்கு நெருக்கமானவை. மனைவியிடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

போன ஞாயிறு விடியுமுன் எழுந்து மறுபடி செய்தேன். பாகு பூசுவதற்கு முன் ஒன்றைக் குறுக்கே வெட்டித் தட்டின் நடுவில் வைத்தேன். உள்ளே சில அடுக்குகள் பிரிந்திருந்தன, மற்றவை ஒட்டிப்போயிருந்தன. வந்தவர்கள் சுற்றியிருந்த மினுமினுப்பானவற்றை எடுத்துக்கொண்டார்கள். வெட்டியதை நான்தான் தின்றேன்.