அன்புக்கென ஆக்கப்பட்ட உயிர்

சுங்கைப் பட்டாணியில் நான் குடியிருக்கும் தாமான் முன்னாளில் ரப்பர் மரங்கள் நின்ற நிலம். இன்று அங்கே, என் நாற்காலிக்கடியில், காவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் என்னும் சிறு நாயொன்று துயில்கிறது. வேலை மாறித் தலைநகருக்குச் சென்ற மகள் என்னிடம் விட்டுச் சென்றது. பட்டுப் போன்ற நீள்செவி. ஏழெட்டுக் கிலோ எடை. எவரைக் கண்டாலும் வாலாட்டும் இயல்பு. காவலுக்கு இது உதவாது. திருடனையும் வரவேற்கும்!

தோட்டத்தில் நான் வளர்ந்த நாளில் நாய்க்கு ஒரு தொழில் இருந்தது. இருள் பிரியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் தாயாருக்குத் துணையாக முன்னே நடக்கும். பாம்பைக் கண்டால் குரைக்கும். எஞ்சிய சோற்றைத் தின்று லயத்து வாசலில் படுக்கும். மடியில் ஏறி அமரும் நாயைத் துரையின் பங்களாவில்தான் கண்டோம். வேலையற்ற பிராணி என்று நகைத்தோம். அதற்கும் ஒரு வேலை உண்டு என்பதை முதுமைதான் எனக்குக் கற்பித்தது. மனைவி மறைந்த வீட்டில், நான் எழுந்தால் எழுந்து, அமர்ந்தால் அமரும் உயிர் அது ஒன்றே.

எனினும் அந்த அன்பின் விலையை யார் செலுத்தினார் என்று எண்ணும்போது நெஞ்சம் உறுத்துகிறது. 1660 முதல் 1685 வரை இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்ல்ஸ் மன்னன் இத்தகைய நாய்களிடம் பெருவிருப்புக் கொண்டிருந்தான். பிற்காலத்தார் தட்டை மூக்கை விரும்பி அவற்றின் உருவையே மாற்றினர். 1926-இல் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், பழைய ஓவியங்களில் காணும் நீள்மூக்கு நாயைக் கொணர்வோர்க்கு 25 பவுன் பரிசு அறிவித்தார். கிடைத்த சில நாய்களைக் கொண்டே, உறவுக்குள் உறவாக, இனம் பெருக்கப்பட்டது. அழகு மீண்டது; நோயும் உடன் வந்தது. இதயத்தின் ஈரிதழ் வால்வு இளமையிலேயே தளர்கிறது. பத்து வயதை எட்டுவனவற்றுள் பெரும்பாலானவற்றின் இதயத்தில் இரைச்சல் கேட்கும். சிலவற்றுக்கு மண்டையோடு மூளைக்குப் போதாமல் சிறுத்து, தண்டுவடத்தில் நீர்க்குழிகள் தோன்றும்; அவை வேதனையால் கழுத்தருகே வெறுங்காற்றைச் சொறிந்தபடி நடக்கும்.

என் நாய்க்கு எட்டு வயது. சென்ற ஆண்டு மருத்துவர் அதன் மார்பில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டேன்.

“தோட்டத்து நாய் மட்டும் நூறாண்டு வாழ்ந்ததா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லைதான். எங்கள் நாய் லாரியில் அடிபட்டு மாண்டது. 2015-இல் வட மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தோன்றியபோது எத்தனையோ தெருநாய்கள் கொல்லப்பட்டன. தோட்டங்கள் விற்கப்பட்டபோது மக்கள் லயத்தைவிட்டு வெளியேறினர். அழைத்துச் செல்ல இடமின்றி விடப்பட்ட நாய்கள் வெற்று வாசலிலே காத்துக் கிடந்தன. அவை யாவும் கொடியவையே. ஆயினும் அவை பிறந்தபின் நேர்ந்த தீங்குகள். இதுவோ, பிறக்குமுன்னரே நம் விருப்பத்தால் உடலுக்குள் வைக்கப்பட்ட தீங்கு. நார்வே நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல், இவ்வினத்தைப் பெருக்குவது அந்நாட்டு விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் எனத் தீர்ப்பளித்ததும் இக்கருத்தையொட்டியே.

முல்லைக்குத் தேரீந்த பாரியை நாம் போற்றுகிறோம். அந்தக் கொடியின் தளர்ச்சிக்கு அவன் காரணன் அல்லன். ஆகவே அவன் செய்தது அருள். நானோ வேளைதோறும் மாத்திரையைச் சோற்றில் பிசைந்து ஊட்டுவதை அருள் என்று சொல்லிக்கொள்ள நாணுகிறேன். பணம் கொடுத்து வாங்கிய குடும்பம் எங்களுடையது. இது கடன், அதுவும் முழுதும் அடைக்கவியலாத கடன்.

சென்ற வாரம் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “இவனுக்குப் பின் நீங்கள் தனியாகிவிடுவீர்களே. இதே இனத்தில் இன்னொரு குட்டி வாங்கித் தரட்டுமா அப்பா?”

வேண்டாமென்றேன், மேலே சொன்ன காரணங்களையும் சொன்னேன். சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் இவன் பிறந்திருக்கவே கூடாதென்கிறீர்களா அப்பா?” என்றாள்.

ஆம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் குரல் கேட்டதனாலோ என்னவோ, நாற்காலிக்கடியிலிருந்து அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்து வாலாட்டியது.