ஐயா, எங்க காசு தீட்டா?



சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்கிறவன், வாங்குகிறவனைவிட தேவனுக்கு முன்பாக ஒரு படி உயர்ந்தவனா? பதினான்கு வருஷமாக "ஆம்" என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சொல்லாமலே மேட்டிமையாக இருக்க முடியும் என்பது உங்களுக்கும் தெரியும். அந்த மேட்டிமையை, கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு வயதான தாயார் ஒரே கேள்வியில் உடைத்துப்போட்டார்கள். அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று ஆவியானவர் என்னை ஏவினபடியால் எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. விவசாயிகளின் பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் பழைய கம்பியை வெட்டியெடுத்து, புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். இரட்சிக்கப்பட்ட பிறகு வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தேன். படித்து முடித்ததும் கடையை மூடிவிட்டு முழுநேரமாக இறங்கு என்றார்கள் சிலர். எனக்கு அப்படி அழைப்பு வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-ஐ எடுத்தால், விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனத்துக்கு இப்பால் உள்ளே பிரிகிற ஒரு கிராமம். அதன் காலனியில் ஒரு கூரைக்கொட்டகை. அதுதான் எங்கள் சபை. நாற்பது பேர் இருப்பார்கள், நடவுக் காலத்தில் இருபது. எல்லாரும் கூலி வேலை செய்கிறவர்கள்: கரும்பு வெட்டு, மல்லாட்டை பிடுங்குவது, களை எடுப்பது.

முதல் வருஷம் அங்கே டீக்கடையில் ஒருவர் நாலு பேர் கேட்கிறமாதிரி என்னைக் கேட்டார். "இன்னா பாஸ்டரு, தலைக்கு எவ்ளோ தராங்க உனக்கு?"

நான் சொன்னேன்: "ஒரு பைசா கெடையாதுண்ணே. என் கையப் பாருங்க. இது வார்னிஷ் கறை. சோப்பு போட்டாலும் போவாது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டார். அன்றையிலிருந்து அந்தப் பேச்சு எனக்கு ஒரு கேடகம் ஆயிற்று. பிரியமானவர்களே, கேடகம் நல்லதுதான். ஆனால் அதை எப்போதும் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால் எதிரில் நிற்கிற ஆள் தெரியமாட்டார்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிவிட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றுபோயின. என் கடையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். காயில் கட்டி முடித்து, ஆள் வந்து எடுத்துப்போகாமல் இருந்த ஒன்பது மோட்டார் சேற்றில் கிடந்தன. கம்பி, காகிதம், வார்னிஷ் டின் எல்லாம் போயிற்று. காலனியிலோ அதைவிட மோசம். சுவர் இடிந்தவர்கள் உண்டு, ஆடு போனவர்கள் உண்டு. நட்ட பயிர் அழுகிப்போனதால் களை எடுக்கிற வேலையும் இல்லை. எங்கள் கொட்டகையின் கூரையும் ஒரு பக்கம் பிய்ந்துபோயிற்று.

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் அரசாங்கம் கொடுத்தது. அது கைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சபையில் மூத்தவர்களாகிய ஒரு ஆயா என்னிடத்தில் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். ஐம்பதும் நூறுமாக 2,350 ரூபாய்.

"கடை முழுகிப்போச்சாமே ஐயா. எல்லாரும் சேந்து போட்டோம். இத்த வச்சி எதனா பண்ணுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கையை நீட்டவில்லை. "ஆயா, இது உங்க வயித்துக்கு அரசாங்கம் குடுத்த காசு. இத நான் தொட்டா கர்த்தர் என்ன சும்மா விடமாட்டார். எடுத்துட்டுப் போங்க," என்றேன். எவ்வளவு நல்ல பதில் சொன்னோம் என்றுகூட அந்த நிமிஷம் எனக்குத் தோன்றிற்று.

ஆயா கொஞ்ச நேரம் காசையே பார்த்தார்கள். "சின்ன வயசுல கொல்லைக்குப் போனா கூலிய கைல குடுக்கமாட்டாங்க ஐயா, மேல இருந்து போடுவாங்க. கடையில சாமான் வாங்கினா காச கீழ வைய்யும்பாங்க. எங்க கைலருந்து எதுவும் வாங்கமாட்டாங்க. நீங்களும் பதினாலு வருசமா வாங்கமாட்டேன்றீங்க. எங்க காசு தீட்டா?"

நான் பிறந்த சாதி வேறு என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசுகிறதில்லை. கிறிஸ்துவுக்குள் அது ஒழிந்துபோயிற்று என்று நானே பத்துத்தடவை பிரசங்கித்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், திண்ணையில் படுத்திருக்கிறேன். அதையெல்லாம் சொல்லி விளக்கினேன். விளக்கம் எல்லாம் சரிதான். ஆனால் அடுத்த ஞாயிறு ஆயா வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. பாதிப் பாய் காலியாகக் கிடந்தது.

அந்த இரண்டு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. ராத்திரியில் மோட்டார்களைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டே வேதத்தைத் தேடினேன். முதலில் எனக்குச் சாதகமான இடங்களைத்தான் தேடினேன், ஒத்துக்கொள்கிறேன். 2 இராஜாக்கள் 5-ல் நாகமான் வெள்ளியும் பொன்னும் வஸ்திரங்களும் கொண்டுவந்தபோது எலிசா எவ்வளவு வருந்திக் கேட்டும் வாங்கவில்லை. "பார்த்தாயா" என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு பக்கம் முன்னால் திருப்பினால், 4-ம் அதிகாரத்தில் இதே எலிசா சூனேமில் ஒரு ஸ்திரீ போட்ட சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். அவள் மேல்வீடு கட்டி, கட்டிலும் மேஜையும் நாற்காலியும் குத்துவிளக்கும் வைக்கிறாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, போய்த் தங்குகிறார். படைத்தலைவனுடைய பொன்னைத் தள்ளின அதே கை, ஊர்க்காரி கொடுத்த அப்பத்தை வாங்கிற்று. பதினான்கு வருஷமாக நான் நாகமானுக்குச் சொல்லவேண்டிய பதிலை சூனேமியாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்!

பவுல் அப்போஸ்தலனும் அப்படித்தான். கொரிந்துவிலே ஆக்கில்லா வீட்டில் கூடாரம் பண்ணிப் பிழைத்தார் (அப். 18:3). அந்த ஊராரிடம் வாங்கவில்லை. ஆனால் பிலிப்பியர் அனுப்பினபோது, தெசலோனிக்கேயில் இருக்கும்போதே இரண்டொருதரம் வாங்கிக்கொண்டார் (பிலி. 4:16). அதற்குக் காரணம் சொல்லும்போது தன் தேவையைப் பெரிதாக அவர் பேசவில்லை. கொடுக்கிறவர்களுடைய கணக்கில் பலன் பெருகவேண்டும் என்கிறார். வாங்க மறுத்ததற்காக 2 கொரி. 12:13-ல் கொரிந்தியரிடம் மன்னிப்புக்கூடக் கேட்கிறார். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்கிறார். நான் அதைக் குத்தல் இல்லாமல் கேட்கவேண்டிய இடத்தில் இருந்தேன்.

நம்முடைய தமிழ்நாட்டிலேயே ஒரு பரிசுத்தவான் இந்த வழியில் நடந்திருக்கிறார். ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் ஐயா 1810-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். ரேனியஸ் ஐயரிடம் பாளையங்கோட்டையில் பயின்றவர். பிற்பாடு இங்கிலாந்தில் பல்வைத்தியராயிருந்து எல்லாவற்றையும் விட்டுவந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு ஊழியம் செய்தார். குரோவ்ஸ் தன் கையால் உழைத்து ஊழியம் செய்ய வேண்டும் என்று சித்தூரில் பண்ணை வைத்து நஷ்டப்பட்டவர். அருளப்பன் ஐயாவுக்கு ஒரு சம்பளம் ஏற்படுத்த முன்வந்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூலிக்குப் பிரசங்கிக்கிறான் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர் காரணம். டீக்கடையில் என்னைக் கேட்ட கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார் பாருங்கள்! 1840-ல் கிறிஸ்தியான்பேட்டை என்ற கிராமத்தை ஏற்படுத்தினார். 1860-ல் அங்கே பரிசுத்த ஆவியானவர் பலமாய் அசைவாடி, அந்நியபாஷை பேசினார்கள், பாவங்களை அறிக்கையிட்டு அழுதார்கள். 1906-ல் அமெரிக்காவிலே அசூசா தெரு எழுப்புதல் உண்டாவதற்கு நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்பே! அல்லேலூயா!

ஆனால் நான் அந்தச் சரித்திரத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் மறுத்தது நிர்ணயிக்கப்பட்ட சம்பளத்தை. தேவனுடைய பிள்ளைகள் மனதார அனுப்பின உதவியை அவர் தள்ளவில்லை. தேவனையே சார்ந்திருப்பது என்றால், தேவன் யார் கையில் கொடுத்தனுப்பினாலும் வாங்குவதும் அதில் சேர்ந்ததுதானே? நான் தேவனைச் சார்ந்திருந்தேனா, என் காயில் கடையைச் சார்ந்திருந்தேனா?

இதற்குள் இன்னொரு சம்பவம். பக்கத்து ஊரில் முழுநேர ஊழியத்துக்கு வந்த ஒரு தம்பி, மனைவியும் கைக்குழந்தையுமாக வாடகை வீட்டில் இருக்கிறார். அவர் ஒரு நாள் என் கடைக்கு வந்து, "அண்ணே, ஹெல்பர் வேல எதனா இருந்தா சொல்லுங்க" என்றார். ஏன் தம்பி என்று துருவித் துருவிக் கேட்டபின்புதான் சொன்னார். காணிக்கையைப்பற்றி அவர் பேசினால், அந்த ஊர் விசுவாசிகள், "பக்கத்தூரு ஐயா காசே வாங்கறதில்ல, நீங்க மட்டும் ஏன் கேக்கறீங்க" என்கிறார்களாம். அவர் என்மேல் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. என் நற்பெயர் அந்தப் பிள்ளையின் பாலைப் பறித்திருக்கிறது. 1 கொரிந்தியர் 9-ல் பவுல் தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறதற்கு முன்னே, சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்கள் அதினாலே பிழைக்கலாம் என்று பாதி அதிகாரம் மற்ற ஊழியருக்காக வழக்காடுகிறார். நான் அந்த வழக்கை ஒருநாளும் பேசவில்லை. எனக்குத் தேவைப்படவில்லை, ஆகையால் பேசவில்லை.

அந்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். ஆராதனை முடிந்து ஆயா வீட்டுக்குப் போனேன். கூழ் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "ஆயா, இப்பக் குடுங்க, வாங்கிக்கறேன்" என்றேன்.

"அது எப்பவோ செலவாயிட்டுது ஐயா! கொட்டாய்க்கு கீத்து வாங்கிட்டோம்," என்று பொக்கை வாயோடு சிரித்தார்கள்.

வரும்போது நான் கவனிக்கவே இல்லை. கொட்டகையின் பிய்ந்துபோன பக்கத்தில் புதுக் கீற்று போட்டிருந்தது.

பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது ஒரு சகோதரன் எழுந்து, "குடுக்கறது நாங்க. எவ்ளோன்னு நாங்க பேசிக்கறோம் ஐயா, நீங்க வெளிய இருங்க" என்றார். வெளியே வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் நின்றேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக் காணிக்கை என் வழிச்செலவுக்கு, ஒன்று பக்கத்து ஊர்த் தம்பியின் வாடகைக்கு, மீதி கொட்டகைக்கு என்று தீர்மானித்திருந்தார்கள். இப்போது கணக்கு கேட்கிறார்கள். போன மாதம் ஒரு வாலிபன், "பிரசங்கம் ஒன்றரை மணி நேரம் போவுது ஐயா, பஸ்ஸு போயிடுது" என்றும் சொல்லிவிட்டான். பதினான்கு வருஷமாக ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. இலவசமாக வருகிறவனிடம் எப்படிச் சொல்லுவார்கள்?

ஆனாலும் ஒரு காரியம் எனக்கு இன்னும் தெளியவில்லை. சபையில் ஒரு சகோதரி. கணவன் குடிகாரன். குழுக்கடன் வாங்கி வாராவாரம் தவணை கட்டுகிறார்கள். சில வாரம் கட்ட முடியாமல் கொல்லைப்புறம் ஒளிந்துகொள்கிறார்கள். அவர்களும் பெட்டியில் இருபது ரூபாய் போடுகிறார்கள். லூக்கா 21-ல் ஏழை விதவை இரண்டு காசு போட்டபோது ஆண்டவர் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு மேலேயே, 20-ம் அதிகாரத்தின் கடைசியில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை அவரே கடிந்துகொள்கிறார். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. அந்த இருபது ரூபாயை வாங்கினால் நான் எந்த வசனத்தில் நிற்கிறேன்? திருப்பிக்கொடுத்தால் ஆயாவுக்குச் செய்ததையே அவர்களுக்கும் செய்கிறேன். இப்போதைக்கு வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா என்று ஏதாவது சாக்கில் திரும்பிப் போய்ச் சேரும்படி பார்க்கிறேன். அது உண்மையா, நடிப்பா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

இதைப்பற்றி உங்களுக்குக் கர்த்தர் ஏதாவது வெளிச்சம் கொடுத்தால் பத்திரிகைக்கு எழுதுங்கள். அந்தச் சகோதரிக்காகவும், அவர்கள் கணவன் குடியிலிருந்து விடுதலையாகும்படியும், பக்கத்து ஊர்த் தம்பியின் கைக்குழந்தைக்காகவும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். தவணைக்காரர்கள் வருவது புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் முழங்காற்படியிட முடிகிறவர்கள் முழங்காற்படியிடுங்கள்.