இருபடிச் சமன்பாட்டின் மூலமும் வேண்டுதலின் எல்லையும்

தேர்வில் வெற்றி வேண்டி முருகனிடம் நேர்ந்துகொள்வது பக்தியின் எளிய வெளிப்பாடாகத் தோன்றினாலும், சமய மெய்யியலின் கடினமான வினா ஒன்றைத் தன்னுள் கொண்டது. பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுன் நகரை அடுத்துள்ள தண்ணீர்மலையில் அவ்வினா தனிக் கூர்மை பெறுகிறது. மலேசிய இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வாகிய எஸ்.பி.எம். நெடுங்காலம் ஆண்டின் கடைசி இரு மாதங்களில் நடந்து, அதன் முடிவுகள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வெளிவந்தன. தைப்பூசமோ சனவரியிலோ பிப்ரவரியிலோ வருவது. ஆகவே அக்காலத்தில் பால்குடம் சுமந்து மலையேறிய ஐந்தாம் படிவ மாணவரின் விடைத்தாள், அவர் முதற்படியில் கால் வைப்பதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. முடிவு மட்டும் அறிவிக்கப்படவில்லை. அத்தாளில் இருந்த இருபடிச் சமன்பாட்டின் விடையோ, அவர் பிறப்பதற்கு முன்பும் அதுவாகவே இருந்தது. விடையும் மாறாது, எழுதியதும் மாறாது என்றால், வேண்டுதல் எதைத் தொடுகிறது? பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் தேர்வு நாள்கள் இடம் மாறியிருந்தாலும் இவ்வினா மாறவில்லை.

தண்ணீர்மலை, பினாங்குத் தாவரவியல் பூங்காவை ஒட்டிய அருவிப் பகுதியில் அமைந்தது. அடிவாரச் சாலையில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளுக்கு மேலே 2012இல் குடமுழுக்குக் கண்ட அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயமும் உள்ளன. 1894 முதல் நகரத்தாரின் வெள்ளி ரதம் பூசத்துக்கு முந்திய நாள் நகரத்திலிருந்து இங்கு வருகிறது. வழியெங்கும் தேங்காய்கள் சிதறுகின்றன. காவடி, பால்குடம், முடியிறக்கல் ஆகிய நேர்த்திக்கடன்களுள் பிள்ளைப்பேறும் நோய் நீக்கமும் போலவே தேர்வும் பல்கலைக்கழக இடமும் நெடுநாளாக இடம்பெற்றுள்ளன. மலேசியத் தமிழர் கல்வியையும் வழிபாட்டையும் தனித்தனியே வைத்துப் பார்த்ததில்லை என்பதற்கு, முனைவர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையமும் சான்று. தேர்வுக்கான பாட வகுப்புகளோடு பத்துமலை முருகன் தலத்துக்குக் கல்வி யாத்திரையையும் இணைத்துக்கொண்ட இயக்கம் அது.

வேண்டுதலின் எல்லையை வரைவதற்கு முன், வேண்டப்படும் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். தெரியாத அளவு ஒன்று தன்னோடு தானே பெருக்கப்பட்ட நிலையில், அதாவது இரண்டாம் படியில், வரும் சமன்பாடு இருபடிச் சமன்பாடு எனப்படும். அதனை நிறைவு செய்யும் எண்கள் அதன் மூலங்கள். கூடுதல் கணிதம் பயிலும் நான்காம் படிவ மாணவரும், இந்தியாவில் ஐ.ஐ.டி. நுழைவுக்கு ஜே.இ.இ. எழுதும் மாணவரும் இதனைத் தவிர்த்துச் செல்ல முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இந்தியக் கணிதர் இரண்டாம் பாஸ்கரர் தமது பீஜகணிதத்தில் தரும் கணக்கு ஒன்று இங்கு பொருந்தும். ஒரு குரங்குக் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, எஞ்சியதன் வர்க்கம் எவ்வளவோ அத்தனை குரங்குகள் குகைக்குள் சென்றன. ஒன்று மட்டும் மரக்கிளையில் தென்பட்டது. கூட்டம் எவ்வளவு என்பது கேள்வி. கூட்டத்தின் எண்ணிக்கையை க என்று கொண்டு சுருக்கினால், க-வின் வர்க்கத்திலிருந்து 55 க-வைக் கழித்து 250ஐக் கூட்ட, சுழியம் வரும்.

இதைத் தீர்க்க, முந்தைய கணிதரான ஸ்ரீதரருடையது என்று பாஸ்கரரே எடுத்துக்காட்டும் முறை போதும். 250ஐ மறுபக்கம் கொண்டுசென்று, இருபுறமும் நான்கால் பெருக்கி, 55இன் வர்க்கமாகிய 3025ஐ இருபுறமும் கூட்டினால், இடப்பக்கம் 2க − 55 என்பதன் முழு வர்க்கமாகிறது. வலப்பக்கம் 3025இலிருந்து 1000 போக 2025 நிற்கிறது. 2025இன் வர்க்கமூலம் 45. அது மிகை எண்ணாகவும் இருக்கலாம், குறை எண்ணாகவும் இருக்கலாம். எனவே க என்பது 50 அல்லது 5. வலப்பக்கத்தில் நின்ற 2025 தன்மைகாட்டி எனப்படும். மூலங்களைக் கண்டறியும் முன்பே அவற்றின் இயல்பை அறிவிப்பது அது. மிகை எண்ணாயின் மூலங்கள் இரண்டு, சுழியமாயின் இரண்டும் ஒன்றே, குறை எண்ணாயின் மெய்யெண்களுள் மூலமே இல்லை. கெழுக்கள், அதாவது க-வையும் அதன் வர்க்கத்தையும் பெருக்கி நிற்கும் எண்களும் தனி எண்ணும், எழுதப்பட்ட அக்கணமே எல்லாம் முடிவாகிவிடுகிறது. தீர்ப்பவர் எதையும் உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காண்கிறார்.

ஆயினும் காண்பதிலும் ஒரு படி எஞ்சியிருக்கிறது. ஐந்தும் ஐம்பதும் சமன்பாட்டை ஒப்ப நிறைவு செய்தாலும், ஐந்தின் ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. ஒன்றில் மூன்றைக் கழித்தால் குறை எண் வருகிறது. குறை எண்ணிக்கையில் குரங்குகள் இல்லை. ஆதலால் பாஸ்கரர் ஐந்தை விலக்கி ஐம்பதைக் கொள்கிறார். சூத்திரம் இரண்டையும் ஒரே முகத்தோடுதான் நீட்டுகிறது. எது சூழலுக்கு உரியது என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டியவர் மாணவரே. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படும் ஜே.இ.இ. போன்ற தேர்வில் இந்தத் தெளிவின் விலை இன்னும் அதிகம்.

இனி வினாவின் முதற்பகுதிக்கு வரலாம். எல்லாம் வல்ல இறைவன் 50ஐ 51 ஆக்க இயலுமா? மேலைநாட்டு மெய்யியலாளர் டெக்கார்ட் 1630இல் தம் நண்பர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதங்களில், கணித உண்மைகளும் ஓர் அரசன் இயற்றிய சட்டங்களைப்போல இறைவனால் நிறுவப்பட்டவையே என்று வாதிட்டார். பின்வந்த மெய்யியலாளர் லைப்னிட்சோ, அவை இறைவனின் விருப்பத்தைச் சார்ந்தவை அல்ல, அவனது அறிவில் என்றும் உள்ளவை என்று மறுத்தார். டெக்கார்ட்டின் கொள்கையை ஏற்றாலும் மாணவருக்குப் பயன் விளையாது. ஒருவரின் வேண்டுதலுக்காக மூலம் மாறினால் தேர்வறையிலுள்ள அனைவருக்கும் அது மாறும், விடைக்குறிப்பும் மாறும், வேண்டியவர் முன்பிருந்த இடத்திலேயே நிற்பார். எனவே மூலத்தை மாற்றும்படி எந்த பக்தரும் கேட்பதில்லை; மூலம் மாறாது என்ற உறுதியின்மேல் நின்றுதான் அவர் வேண்டுகிறார்.

இரண்டாம் பகுதி கடந்த காலத்தைப் பற்றியது. நடந்து முடிந்ததை எண்ணி வேண்டுவது வீண் என்பதில் யூத மரபு கண்டிப்பாக இருந்தது. ஊருக்குள் நுழையும் ஒருவர் அழுகுரல் கேட்டு, அது தம் வீட்டிலிருந்து எழுந்ததாக இருக்கக் கூடாது என்று வேண்டினால், அவ்வேண்டுதல் பயனற்றது என மிஷ்னா என்னும் பழஞ்சட்டத் தொகுப்பு விதிக்கிறது. 1964இல் ஆங்கில மெய்யியலாளர் மைக்கேல் டம்மெட் இதற்கு மாறான கோணத்தைத் திறந்தார். ஒரு குடியின் இளைஞர்கள் சிங்க வேட்டைக்குப் போகிறார்கள். போக இரு நாள், வேட்டைக்கு இரு நாள், திரும்ப இரு நாள். அவர்கள் வீரத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்று தலைவன் ஆறு நாளும் சடங்கு நடனம் ஆடுகிறான். வேட்டை முடிந்துவிட்ட கடைசி இரு நாளும் நிறுத்துவதில்லை. நடந்தது என்ன என்பதைத் தன் செயலைச் சாராமல் அறிய வழியில்லாத ஒருவனை, அந்த இறுதி நடனம் அறிவுக்குப் புறம்பானது என்று தருக்கத்தால் மட்டும் விலக்கிவிடுவது எளிதன்று என்பதே டம்மெட்டின் கருத்து. விடைத்தாள் திருத்தப்படும் வாரங்களில் தண்ணீர்மலை ஏறும் மாணவரின் நிலையும் இதுவே. எனினும் டம்மெட் காட்டுவது வேண்டுதல் முரணற்றது என்பதை மட்டுமே. அது எவ்வாறு செயற்படுகிறது என்பதற்கு விடை வேறிடத்தில் தேட வேண்டும்.

சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் தெளிவான ஒரு விளக்கத்தைத் தருகிறது. பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், உயிரைப் பிணிக்கும் தளை ஆகிய மூன்றும் தோற்றமில்லாதவை. வினை, பாசத்தின் ஒரு கூறு, அறிவற்ற சடப்பொருள். தன்னைச் செய்தவர் இவர் எனக் கண்டு சென்று சேரும் ஆற்றல் அதற்கில்லாததால், இறைவனே வினைப்பயனை உரியவருக்குக் கூட்டுவிக்கிறான். இக்கொள்கையின்படி அருள் முயற்சியைத் தள்ளிவைத்துவிட்டு வருவதன்று. முயற்சியின் பயன் முயன்றவரை வந்தடைவதே அருளின் தொழில். திருக்குறள் ஊழின் வலிமையை ஓர் அதிகாரத்திலும் ஊழையும் பின்தள்ளும் ஆள்வினையை வேறோர் அதிகாரத்திலும் உரைப்பதை முரண்பாடாகக் கருதுவோர் உண்டு. முன்செய்த வினையின் நுகர்ச்சியாகிய பிராரத்தத்தையும், இப்போது செய்து சேர்க்கும் வினையாகிய ஆகாமியத்தையும் சித்தாந்தம் பிரித்துக் காட்டுவதை நோக்கினால் அம்முரண் பெரிதும் தளர்கிறது. வாய்த்த பள்ளியும் குடும்பச் சூழலும் முன்னதைச் சேர்ந்தவை. இரவு பத்து மணிக்கு மேலும் காரணிப்படுத்தும் பயிற்சியில் அமர்வது பின்னதைச் சேர்ந்தது.

இதைவிட நுட்பமானது அறிதல் பற்றிய சித்தாந்தக் கொள்கை. உயிர் அறிவுடையதே எனினும் தானாக அறிய மாட்டாது, அறிவித்தால் அறிவது. கண்ணுக்கு உயிர் பொருளைக் காட்டித் தானும் உடனிருந்து காண்பதுபோல, உயிருக்கு இறைவன் காட்டியும் கண்டும் உதவுகிறான் என்று மெய்கண்டாரின் சிவஞானபோதம் கொள்கிறது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று பின்னோர் இதனைக் குறிப்பர். இக்கொள்கை வேண்டுதலின் இடத்தைத் துல்லியமாகக் குறித்துத் தருகிறது. மூலம் மாறாதது, மாறக்கூடியது மூலத்துக்கும் மாணவருக்கும் இடையிலுள்ள மறைப்பு மட்டுமே. தேர்வு மண்டபத்தில் பதற்றம் தணிவது, குறைக்குறி கண்ணில் படுவது, ஐந்தை விலக்க வேண்டும் என்று தோன்றுவது ஆகிய யாவும் அறிதலின் கணங்கள், வேண்டத்தக்கவையும் இவையே.

இவ்விளக்கத்துக்கு எழக்கூடிய மறுப்பு, காட்டப்பட்டதாக ஒருவர் நம்புவதெல்லாம் உண்மையாகிவிடுமா என்பது. தமிழ்நாட்டில் இதற்கு விடையாக நிற்பது கணித மேதை இராமானுசனின் வாழ்வு. தம் கணிதக் கண்டுபிடிப்புகளை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்று அவர் போற்றினார். ஆயினும் மற்றப் பாடங்களைக் கவனியாததால் எஃப்.ஏ. என்னும் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. காட்சி பெற்றவர் தேர்வில் தேறியே ஆக வேண்டும் என்ற நியதி இல்லை. 1913இல் அவர் அனுப்பிய முடிவுகளைக் கண்டு வியந்த ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டி, நிறுவல்களையும் கேட்டார். பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் பிழையானவை என்பது பின்னர்த் தெளிந்தது. காட்சியை அளந்து பார்ப்பது பக்திக்கு எதிரானதும் அன்று. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரே அளவையில், அதாவது உண்மையைச் சோதிக்கும் முறைகளில், தொடங்குகிறது. கிடைத்த விடையைச் சமன்பாட்டில் மீண்டும் இட்டுச் சரிபார்க்கும் மாணவர் அதே ஒழுங்கைத்தான் கடைப்பிடிக்கிறார்.

இதுவரை கண்டது அறிவைப் பற்றியது; போட்டித் தேர்வின் உண்மையான சிக்கல் இடத்தைப் பற்றியது. ஒருவர் மூலத்தைச் சரியாகக் கண்டதால் மற்றொருவருக்குரிய மூலம் குறைவதில்லை. ஆயிரம் பேர் 50 என்று எழுதினாலும் 50 தீர்ந்துவிடாது. மருத்துவம், பொறியியல், மெட்ரிகுலேஷன் என்னும் பல்கலைக்கழக முன்வகுப்பு ஆகியவற்றின் இடங்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவை எண்ணி வைக்கப்பட்டவை. ஒரே வகுப்பில் பயின்ற இருவர், ஒரே நாளில் ஒரே படிகளில் பால்குடம் ஏந்திச் சென்று, எஞ்சியுள்ள ஓர் இடத்தைக் கேட்கக்கூடும். அவ்விடத்தை ஒருவருக்குக் கேட்பது, கேட்பவர் அறியாமலேயே, மற்றவருக்கு மறுக்கும்படி கேட்பதாகிறது. எல்லா உயிர்க்கும் பொதுவானவன் என்று சித்தாந்தம் கூறும் இறைவன் இதனை இருவருக்கும் வழங்க இயலாது; அது அவனது ஆற்றலின் குறையன்று, கேட்கப்பட்ட பொருளின் தன்மை. அறிவைக் கேட்டால் மட்டுமே இருவருக்கும் குறையின்றி வழங்க முடியும்.

இடங்களின் எண்ணிக்கையும் அவற்றைப் பங்கிடும் விதியும் மனிதர் வகுத்தவை. ஆகவே அவை அரசிடமும் சமூகத்திடமும் கேட்க வேண்டியவை. தகுதியிருந்தும் இடம் பெறாத மாணவரின் குறையை ஊழ் என்று சொல்லி அமைதி கொள்வது, வினைக்கொள்கையை அநீதிக்குத் திரையாக்குவதாகும். சன்னிதியில் கேட்கத்தக்கது, மன்றத்தில் கேட்கத்தக்கது என்ற இப்பகுப்பு பக்தியைச் சுருக்குவதில்லை; அதற்கு உரிய பொருளை மீட்டுத் தருகிறது.

இந்நோக்கில் நேர்த்திக்கடனும் புதுப்பொருள் பெறுகிறது. தேர்வுக்கு முன் ஏற்கும் விரதமும் உணவுக் கட்டுப்பாடும், மாணவர் தம்மைத் தாமே ஓர் ஒழுங்குக்குள் கட்டிக்கொள்ளும் உறுதி; ஆகாமியத்தின் பக்கம் நிற்பதால் அவை பயன் தருகின்றன. தேர்வுக்குப் பின், முடிவுக்கு முன், சுமக்கும் பால்குடம் எழுதியதைத் திருத்தும் முயற்சியாயின் வீண். எழுதியது எதுவாயினும் அதன் பயனை ஏற்கும் மனத்தைக் கேட்பதாயின் அதற்கு அப்போதும் காலம் கடந்துவிடவில்லை, ஏனெனில் அம்மனம் இன்னும் எழுதப்படாதது. முடிவுக்குப் பின் செலுத்துவது நன்றி. அதுவும் தேறியவருக்கு மட்டும் உரியதன்று, காட்டப்பட்ட ஒவ்வொரு தெளிவுக்கும் தேறாதவரும் கடன்பட்டவரே. பேரமாக எண்ணிச் செய்யும் நேர்த்தி முடிவு வந்த நாளில் முடிந்துபோகிறது. அறிவிக்க அறியும் தன் இயல்பை உணர்ந்து செய்யும் நேர்த்தி அடுத்த கணக்கைத் தொடங்கும்போதும் தொடர்கிறது.