கொள்ளிவட்டம் பொய்யா?

பேத்தி படிப்புக்காகப் புதிதாக வாங்கிய கணினியின் திரை வெட்ட ஆரம்பித்ததும் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு வந்தது. மானிட்டர் போய்விட்டது, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான் மகன். பக்கத்து வீட்டுத் தம்பி டிரைவர் பிரச்சினை என்றார். பேத்தி கைபேசியில் திரையைப் படம் பிடித்து வந்து, "பாருங்க தாத்தா, கறுப்புக் கறுப்பாப் பட்டை ஓடுது" என்று காட்டினாள். என் பழைய சிநேகிதர் ஒருவரும் அப்போது திண்ணையில் இருந்தார். வேதாந்த வகுப்பு எங்கே நடந்தாலும் தவறாமல் போகிறவர். "எல்லாமே வெட்டுறதுதானப்பா. உனக்கு இன்னைக்குத்தான் கண்ணுல படுது. பாக்குறது எதுவுமே நெசமில்ல" என்றார்.

அதைத் திண்ணைப் பேச்சாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. வன்னியம்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கு ஷிப்டுக்குப் போய் வந்து, நூற்பாலை ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளிச்சம் வெட்டினால் கண்ணுக்கு என்ன ஆகும் என்பதைச் சோற்றுக்காகப் படித்தவன். ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. அது அப்படி இல்லை என்று பிறகு தெரியவருகிறது. அப்படியானால் முதலில் கண்டது பொய்யா? இந்தக் கேள்வி என்னிடம் புத்தகத்தின் வழியாக வருவதற்கு முன்பே மோட்டாரின் பக்கத்தில் வைத்து வந்துவிட்டது.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை ஓட்டம் பூஜ்யத்தைத் தொட்டு மீள்கிறது. அதனால் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எழும். நம் கண்ணுக்கு அது ஒரே சீரான வெளிச்சம்தான். ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு சக்கரம் சுற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். நான்கு ஆரம் உள்ள புல்லி ஒன்று நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 25 சுற்று. வெளிச்சம் ஒருமுறை எழுந்து மறுமுறை எழுவதற்குள் சரியாகக் கால் சுற்று ஆகியிருக்கும். முதல் ஆரம் இருந்த இடத்தில் அடுத்த ஆரம் வந்து நிற்கும். பார்க்கிறவனுக்குப் புல்லி ஓடாமல் நிற்பதாகவே தோன்றும்.

மில்லில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டார் அந்த 1,500ஐ எட்டுவதில்லை. பாரம் ஏறியதும் 1,440 போலச் சுற்றும். குறைகிற அந்த 60 சுற்றைத்தான் ஸ்லிப் என்போம். இப்போது அதே டியூப்லைட்டின் கீழே பார்த்தால், புல்லி பின்பக்கமாக, நொடிக்கு ஒரு சுற்று வீதம், மெல்ல உருள்வது தெரியும். நொடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 60. மோட்டார் தவறவிட்ட சுற்று எத்தனையோ, கண்ணுக்குத் தெரிகிற பின்சுற்றும் அத்தனையே. உலகத்தில் எங்கும் நடக்காத அந்தப் பின்சுழற்சி, மோட்டாருக்குள் உண்மையாகவே இருக்கும் குறையை எண்ணிக் காட்டிவிடுகிறது. ஸ்லிப்பை அளக்க இந்த வழியையே எலெக்ட்ரிக்கல் பாடப் புத்தகங்களும் சொல்லித் தருகின்றன. ஸ்பிண்டில் வேகம் பார்க்க ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கைப் பிடித்தாலும் இதே கதைதான். வரிசையாக எல்லா ஸ்பிண்டிலும் நிற்பதுபோல் தெரியும்போது, ஒன்று மட்டும் மெதுவாக நகர்ந்தால் அதை ஓட்டும் டேப் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. என்னுடன் வேலை பார்த்த ஒருவர், சேர்ந்த புதிதில், நிற்கிறது என்று நினைத்துப் புல்லிப் பக்கம் கையைக் கொண்டுபோனார். இரண்டு விரல் நுனிகள் போயின. அந்த இடத்து விளக்குகளை அதன் பிறகு மூன்று பேஸிலும் பிரித்துக் கொடுத்தோம். ஒரு விளக்கு மங்கும் கணத்தில் மற்றொன்று எரியும். சக்கரம் நிற்பதுபோல் காட்டும் வேலை நடக்காது. அன்று சக்கரம் பொய் என்று யாரும் சொல்லவில்லை, கண் பொய் என்றும் சொல்லவில்லை. கண்ணுக்கு எது கிடைத்தது, எது கிடைக்காமல் போனது என்று பார்த்து வயரை மாற்றினோம்.

பெரியவர்கள் இந்த வழக்கை விசாரித்து ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. கார்த்திகை அன்று பிள்ளைகள் கொள்ளியைச் சுழற்றுவார்கள். வடக்கே மாவளி சுற்றுவது என்பார்கள். இருட்டில் நெருப்பு வட்டம் ஒன்று தெரியும். இருப்பது ஒரு நெருப்பு முனை. தெரிவது முழு வட்டம். அத்வைத ஆசிரியர் கௌடபாதர் மாண்டூக்ய காரிகையின் நான்காம் பிரகரணத்துக்கு இதை வைத்தே அலாதசாந்தி என்று பெயரிட்டார், கொள்ளி அடங்குதல் என்று. கொள்ளி அசையும்போது நேர்கோடும் வளைகோடும் தோன்றுகின்றன. அவை வெளியிலிருந்து வந்தவையும் இல்லை, கொள்ளி நின்றபின் எங்கும் போய்ச் சேர்ந்தவையும் இல்லை. அறிவின் அசைவில் பார்ப்பவன், பார்க்கப்படுவது என்ற தோற்றம் எழுவதும் அப்படியே என்பது அவர் வாதம். என் சிநேகிதர் திண்ணையில் சொன்னதற்கு வேர் இங்கே இருக்கிறது.

இதே கொள்ளியை ராமானுஜரும், பிரம்மசூத்திரத்துக்குத் தாம் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் கையில் எடுக்கிறார். கொள்ளி வெகு வேகமாகச் செல்வதால் வட்டத்தின் எல்லா இடத்தையும் தொட்டுவிடுகிறது. நடுவிலுள்ள இடைவெளி கண்ணில் படுவதில்லை. அதனால் வட்டம் தெரிகிறது என்கிறார். அத்தோடு விடவில்லை. நிஜமான சக்கரத்தைப் பார்க்கும்போதும் இடைவெளியைக் காணாமல் அந்தந்த இடத்துப் பொருளைக் காண்பதுதான் நடக்கிறது. அங்கே இடைவெளியே இல்லாததால் காணவில்லை. இங்கே வேகத்தால் காணவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று முடிக்கிறார். இதை முதன்முதலில் உரையோடு படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மில்லின் புல்லியையும் டியூப்லைட்டையும் 11-12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவர் அருகில் நின்று பார்த்ததுபோல இருந்தது.

எல்லா அறிவும் உள்ளதைப் பற்றியதே என்பது அவருடைய கட்சி. தவறு நேர்வது, உள்ளதில் ஒரு பங்கைக் கண்டு மறுபங்கைக் காணாமல் விடுவதால். சிப்பியை வெள்ளி என்று எண்ணுகிறவன்கூடச் சிப்பியில் கொஞ்சமாக இருக்கும் வெள்ளியின் கூற்றைத்தான் கண்டான் என்கிறார். அந்த உதாரணம் இன்றைய ரசாயனத்தின் முன்னால் நிற்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கொள்ளிவட்டத்துக்கு அவர் சொன்ன விளக்கமோ ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாதபடி நிற்கிறது.

இந்த ஊர்ப்பக்கம் ராமானுஜரைப் பேசினால் ஆண்டாளைப் பேசாமல் முடியாது. அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக ஆண்டாள் பாட்டிலே நேர்ந்துகொண்டாள். உடையவர் என்று வைணவர்கள் அழைக்கும் ராமானுஜர் திருமாலிருஞ்சோலைக்குப் போய் அதைச் செலுத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார் என்றும், ஆண்டாள் எதிர்கொண்டு அவரை அண்ணா என்று அழைத்தாள் என்றும், அதனால் அவருக்குக் கோயில் அண்ணன் என்ற பெயர் வந்தது என்றும் சம்பிரதாயம் சொல்கிறது. பாட்டில் சொன்னது பாவனை, மனத்தால் சமர்ப்பித்தால் போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் நிஜ வெண்ணெயைக் கடைந்து, நிஜத் தடாவில் நிரப்பிக் கொண்டுபோய் வைத்தார். உலகம் மெய் என்று ஸ்ரீபாஷ்யத்தில் வாதிட்ட அதே மனிதர் இவர் என்று எனக்குத் தோன்றும்.

அத்வைதத்தின் மீது எனக்கு மரியாதைக் குறைவு கிடையாது. 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர். சினிமாத் திரையை அவர் அடிக்கடி உவமையாகச் சொல்வார். படத்தில் வெள்ளம் வந்தால் திரை நனையாது, தீப்பிடித்தால் திரை வேகாது, ஆன்மாவும் அப்படி. சாட்சியாக நிற்பது எதனாலும் மாறாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உவமையை நான் கேட்டதில்லை. ஆனால் அதைக் கொண்டு, படத்தில் நடப்பது ஒன்றுமில்லை என்று சிநேகிதர் சொல்லும்போது நான் நின்றுவிடுகிறேன். கொட்டகைத் திரை வெறும் வெள்ளைத் துணி. வெளிச்சம் வேறிடத்திலிருந்து வந்து விழுகிறது. மேசையில் இருக்கும் இந்தத் திரை அந்த ஜாதி இல்லை. இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அறைகள். ஒவ்வோர் அறையிலும் திரவப் படிகம் முறுக்கவிழ்ந்தும் முறுக்கேறியும் பின்னாலுள்ள வெளிச்சத்துக்கு வழிவிடுகிறது, அல்லது அதைத் தடுக்கிறது. படம் திரையின் உடம்பாகவே நடக்கிறது. உலகம் இறைவனுக்கு உடம்பு, மாறுதல் உடம்போடு நிற்கும், உள்ளிருப்பவனைத் தொடாது என்று ராமானுஜரின் விசிஷ்டாத்வைதம் சொல்வதற்கு இது அருகில் வருகிறது.

எல்லாமே வெட்டுறதுதான் என்ற பேச்சுக்கும் இந்த இடத்தில் பதில் சொல்லிவிடலாம். பௌத்தர்கள் அதைக் கணபங்கம் என்று பெரிய தத்துவமாகவே வளர்த்தார்கள். பொருள் கணந்தோறும் அழிந்து கணந்தோறும் புதிதாகிறது. ஒரே சுடர் என்று நாம் நினைப்பது அடுத்தடுத்து வரும் வேறு வேறு சுடர்கள். பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டருக்கு இது அச்சாகப் பொருந்தும். எலெக்ட்ரான் கற்றை வரைந்துவிட்டு நகர்ந்ததும் அந்த இடம் மங்கத் தொடங்கிவிடும்; 60 ஹெர்ட்ஸில் வைத்தால் பலருக்குக் கண் வலிக்கும், 75க்கோ 85க்கோ மாற்றச் சொல்வார்கள். இன்றைய எல்சிடி திரையும் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஆனால் ஒரு புள்ளி தன் நிறத்தை அடுத்த கட்டளை வரும்வரை விடாமல் வைத்திருக்கும், நடுவில் அணைவதில்லை. புதுப்பிப்பதும் நிலைத்திருப்பதும் ஒரே பொருளில் சேர்ந்து இருக்க முடியும் என்பதை அதில் பார்க்கிறேன்.

மேலும், வெட்டியது என்று சொல்ல ஒருவர் வேண்டும். வெட்டுக்கு முன் கண்டவரும் பின் கண்டவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் வெட்டியது என்று சொல்ல முடியும். பிரம்மசூத்திரம் நினைவைக் காட்டிக் கணபங்கத்தை மறுக்கிறது. சங்கரர், ராமானுஜர் இருவர் பாஷ்யமும் அதில் ஒன்றுபடுகின்றன. இந்த ஒரு விஷயத்தில் என் சிநேகிதரும் நானும் ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

பேத்தியின் கணினிக்கு வருகிறேன். கைபேசியில் தெரிந்த கறுப்புப் பட்டை நிஜம். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் சில திரைகள் பின்விளக்கை அதிவேகமாக அணைத்து அணைத்து ஏற்றும். கேமரா படத்தை வரிவரியாகப் பிடிப்பதால் அணைந்த நேரம் பட்டையாக விழுகிறது. பிரைட்னஸை முழுசாக ஏற்றியதும் பட்டை போயிற்று. அது வேறு, வெட்டு வேறு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மற்றதெல்லாம் வெட்டி, அது மட்டும் வெட்டாமல் நின்றால் ஏதோ ஒரு மென்பொருளின் கோளாறு. அதுவும் சேர்ந்து வெட்டினால் டிரைவரைச் சந்தேகிப்பார்கள். சேர்ந்தே வெட்டியது. டிரைவரைப் புதுப்பித்தும் வெட்டு நிற்கவில்லை.

பிறகு நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வீட்டில் யார் எந்த ஸ்விட்சைப் போடுகிறார்கள் என்று கவனித்தேன். பக்கத்து அறையில் ஸ்டார்ட்டர் வைத்த பழைய டியூப்லைட் ஒன்று. அது பளிச் பளிச்சென்று எரியத் தடுமாறும்போதெல்லாம் இங்கே திரை கறுத்து மீண்டது. ஸ்டார்ட்டர் விடுபடும் கணத்தில் சோக்கிலிருந்து ஓங்கி ஒரு மின்னழுத்தம் எழும். அதன் இரைச்சல் வயரில் பரவும். கணினிக்கும் மானிட்டருக்கும் நடுவே நீளமான, மேலுறை சரியில்லாத மெல்லிய கேபிள். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. அறையை எடுத்தபோது வயரிங் செய்தவர் இழுக்காமல் விட்டிருந்தார். எர்த் இழுத்தேன், குட்டையான நல்ல கேபிள் மாற்றினேன், அந்த டியூப்லைட்டைக் கழற்றி எல்இடி போட்டேன். திரை இன்றுவரை வெட்டவில்லை. மானிட்டரில் ஒரு குறையும் இல்லை.

பேத்தி கண்ட பட்டையும் நிஜம், மகன் கண்ட வெட்டும் நிஜம், மானிட்டர் நல்லது என்பதும் நிஜம். பார்த்த அளவில் யாரும் தவறவில்லை. பார்த்த பங்கை முழுசு என்று எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்ன இடத்தில்தான் தவறு வந்தது. இதைச் சிநேகிதரிடம் சொன்னேன். "விவகாரத்துல நீ சொல்றது சரி, பரமார்த்தத்துல வேற" என்றார், நடைமுறை உண்மை ஒன்று, முடிவான உண்மை வேறு என்ற பொருளில். விவகாரத்தில் இத்தனை ஒழுங்காகக் காரணம் காட்டி, தேடினால் கிடைக்கிற ஓர் உலகத்தைப் பரமார்த்தத்தில் மட்டும் ஏன் தள்ள வேண்டும் என்று கேட்டேன். எங்கள் வழக்கு முடியவில்லை. இந்த வழக்கில் நான் உடையவர் பக்கம்.

மேடையேறி உலகம் மாயை என்று பேசுகிற பெரியவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விரல் நுனி இழந்த என் கூட்டாளியும் உங்கள் உபந்நியாசங்களுக்கு வருகிறார். முன்வரிசைக்குப் பின்னால், ஓரமாக உட்கார்கிறார். கௌடபாதர் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் வைத்த வாதங்களை எல்லாம் சொல்ல நேரமிருந்தால் சொல்லுங்கள். நேரமில்லை என்றால், உலகம் பொய் என்ற அந்த ஒரு வரியை மட்டும் அவரிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.