தனி இடமா, பொது இடமா?

ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் இடத்தை அமைப்பது நீதியா, பிரிவினையா? பாடசாலை, வாசிகசாலை, விளையாட்டுக் கழகம் என்று நமது பகுதியில் எதைத் தொடங்கினாலும் "இது ஆருக்கு?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அதனால் இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்க்கலாம்.

அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையரல்லாத ஏனைய சிறுபான்மைப் பிள்ளைகளையும் மனதிற்கொண்டு கலைக்கூடங்கள் நடத்தப்படுகின்றன. ஓவியம், ஒலிப்பதிவு, கமரா, கணினி எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கும். பதின்வயதுப் பிள்ளைகள் வந்து தாம் விரும்பியதைச் செய்து பார்ப்பார்கள். "இதுவும் ஒரு பாகுபாடுதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வரலாறு ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1923இல் அகஸ்டா சவேஜ் என்ற இளம் சிற்பி பிரான்சில் நடந்த கோடைகாலக் கலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். அவர் கறுப்பினத்தவர் என்பதற்காகவே அமெரிக்கத் தெரிவுக்குழு அவரை நிராகரித்தது. 1937இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் சமூகக் கலை நிலையம் திறக்கப்பட்டபோது அதன் முதற் பணிப்பாளராக இருந்தவர் அதே சவேஜ்தான். பின்னர் 1993இல் பொஸ்டன் நகரில், வசதி குறைந்த பகுதிகளின் பிள்ளைகளுக்காகக் கணினிக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. பிள்ளைகள் கணினியில் விளையாடுவதோடு நின்றுவிடாமல் அதைக்கொண்டு புதிதாக ஒன்றை ஆக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இம்முயற்சிகளுக்கு அடியில் ஓர் அறம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு நாம் புத்தகம் கொடுக்கிறோம், புத்திமதி கொடுக்கிறோம், பரீட்சை வைக்கிறோம். "நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று மட்டும் கேட்பதில்லை. அப்படிக் கேட்கப்படாமலே வளரும் பிள்ளைக்கு அநீதி இழைக்கப்படுகிறது என்றே நான் கருதுகிறேன். கைபேசி இன்று என் மாணவர்கள் பலரின் கையிலும் இருக்கிறது. அதில் அவர்கள் பிறர் ஆக்கியதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அறை நிறைய வேறு நிறத்தவர் இருக்க, நடுவில் தனித்த முகமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தன்னை நிரூபிப்பதிலேயே நாள் போய்விடும். ஆக்குவதற்கு மனம் மிஞ்சாது. ஆகவே அங்கே தனி இடம் நீதியானது.

இதே அளவுகோலை நமது வாவிக்கரைக்குக் கொண்டுவந்தால் விடை மாறிவிடுகிறது. இங்கே எந்தப் பிள்ளையும் தனித்த முகமாக உட்கார்ந்திருப்பதில்லை. காத்தான்குடிக்குப் பக்கத்தில் ஆரையம்பதி. பேசும் மொழி ஒன்று, சமயபாடம் தவிர்ந்த பாடநூல்களும் ஒன்று. ஆனால் தமிழ்ப் பாடசாலை வேறு, முஸ்லிம் பாடசாலை வேறு. பதினைந்து வயதாகியும் மற்றச் சமூகத்துப் பிள்ளையோடு அரைமணி நேரம் இருந்து கதைத்திராத மாணவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 12இல் ஏறாவூர். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் கைக்குழந்தைகளும் உட்படத் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21இல், நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் சீயோன் தேவாலயத்தில் குண்டை வெடிக்கவைத்தான். மாண்டவர்களுள் சிறுவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை தன் பக்கத்துத் திகதிகளை மட்டுமே மனனம் செய்து வளர்கிறது.

இந்த நிலத்தில்தான் 1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் அதற்கு முன்னின்றார்கள். யுத்தம் ஓயாத அக்காலத்திலேயே தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், நிறம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், நாடகம் ஆடினார்கள். 1990க்கு ஆறு வருடங்களே ஆகியிருந்தன என்பதை நினைத்தால் அந்தத் துணிவின் அளவு விளங்கும்.

நம்மவர்களிடமிருந்து இரண்டு ஆட்சேபங்கள் வரும். உருவம் வரைதல், இசை, ஆண் பெண் கலப்பு என்பவை பற்றியது முதலாவது. ஒரு தகப்பனுக்கு இவை சின்ன விடயங்கள் அல்ல. அவற்றுக்கு மதிப்பளித்தே ஏற்பாடு செய்யலாம். பெண்பிள்ளைகளுக்கு வேறு நேரம் ஒதுக்கலாம். களிகம்பும் சீனடியும் றபானும் பாயிழைப்பும் அரபு எழுத்தணியும் நம்மிடம் இருக்கின்றன. மூத்தம்மாவின் தாலாட்டைக் கைபேசியில் பதிந்து வந்து, ஆரையம்பதிப் பிள்ளை தன் அம்மம்மாவிடம் பதிந்து வந்ததோடு வைத்துக் கேட்பதற்கு எந்த விலக்கும் இல்லை.

அடிபட்ட பிள்ளை முதலில் தன்னவர்களோடு இருக்கட்டும் என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. 2019க்குப் பிறகு தெருவில் சந்தேகப் பார்வைகளைத் தாங்கி வந்த நம் பிள்ளைகளுக்கு ஒதுங்க ஒரு நிழல் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் ஒதுங்கிய இடத்திலேயே குடியிருந்துவிட முடியாது. நம் பிள்ளையிடம் சீயோனைப் பற்றியும் அவர்கள் பிள்ளையிடம் பள்ளிவாசலைப் பற்றியும் என்றோ ஒருநாள் யாரோ கேட்கத்தான் போகிறார்கள். அந்தக் கேள்வி சந்தியில் கோபத்தோடு வருவதைவிட, கையில் களிமண்ணோடு இருக்கும்போது வருவது நல்லது.

மண்முனைத்துறையில் 'பாதை'யில் ஏறிக் கடந்த காலம் 2014இல் பாலம் வந்ததோடு முடிந்தது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே இன்று நெல்லும் மீனும் வாகனங்களும் தடையின்றிப் போய் வருகின்றன. பிள்ளைகள் போய் இருப்பதற்கு ஓர் அறை இருந்தால் போதும். பழைய கணினிகள் சில, ஒரு கமரா, கொஞ்சம் நிறம், சனிக்கிழமைகள். அறையின் திறப்பு ஒன்று ஒரு ஊரிலும் மற்றொன்று மற்ற ஊரிலும் இருக்கட்டும். உள்ளே வரும் பிள்ளையிடம் அதன் சமூகத்துக்காகப் பதில் சொல்லும்படி யாரும் கேட்கக் கூடாது. என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்டால் போதும்.