ஐந்தாமவன்

நட்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இருவரை மட்டுமே நினைக்கிறோம். இருவர் மனம் கலந்து பழகுவதும், ஒருவர் துன்பத்தை மற்றவர் தாங்குவதும், ஒருவர் குறையை மற்றவர் பொறுப்பதும் நம் பேச்சில் வருகின்றன. அந்த இருவருக்கு அருகே மூன்றாமவன் ஒருவன் நிற்பதை மறந்துவிடுகிறோம். எந்த இருவர் கைகோத்து நடந்தாலும், அந்தக் கைகளுக்கு வெளியே யாரோ ஒருவன் நிற்கத்தான் செய்கிறான். அவனை அந்த நட்பு எப்படி நடத்துகிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் நட்பின் பெருமையை அளந்துவிட முடியாது என்பது என் எண்ணம்.

இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூடைப்பந்து ஆட்டம் நினைவுக்கு வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கும் அறத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அந்த ஆட்டம் பிறந்த கதையைக் கேட்டால் தொடர்பு விளங்கும்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரம். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியருக்கு ஒரு கவலை. குளிர்காலத்தில் கூடத்துக்குள் அடைந்து கிடந்த 18 மாணவர்களுக்கு எந்தப் பயிற்சியிலும் மனம் செல்லவில்லை. அவர்களுக்குப் புதிய ஆட்டம் ஒன்று வேண்டும். அது முரட்டு ஆட்டமாக இருக்கவும் கூடாது. பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டினார். பக்கத்துக்கு 9 பேராகப் பிரித்து, ஒரு கால்பந்தைக் கையில் கொடுத்தார். 13 விதிகளை எழுதினார். அவற்றுள் ஒன்று, பந்தைக் கையில் வைத்திருப்பவன் ஓடக் கூடாது என்பது. பிடித்த இடத்திலிருந்தே அதை எறிந்துவிட வேண்டும். பந்தோடு ஓடுபவன் இல்லையென்றால் அவன்மேல் பாய்ந்து விழுபவனும் இல்லை என்று அவர் கணக்கிட்டார்.

முரட்டுத்தனத்தைத் தடுக்க எழுதிய விதிதான் அது. ஆனால் அதற்குள் ஓர் அறம் வந்து அமர்ந்துகொண்டது. கையில் இருப்பதைப் பிறருக்குக் கொடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று அந்த விதி சொல்லாமல் சொல்கிறது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் உரிமை பின்னால் வந்தது. பக்கத்துக்கு 5 பேர் என்ற கணக்கும் பின்னால் வந்தது. ஆனாலும் பந்தை இறுகப் பிடித்துக்கொண்டு தன் விருப்பம்போல் ஓடும் உரிமை இன்றுவரை யாருக்கும் இல்லை.

கொடு என்று சொல்லும் விதி, யாருக்குக் கொடுப்பது என்று சொல்வதில்லை. அதை ஆடுகிறவனுடைய மனமே முடிவு செய்ய வேண்டும். ஒருபுறம் உயிர் நண்பன் கை நீட்டுகிறான். அவனை எதிரணியான் ஒருவன் மறித்து நிற்கிறான். மற்றொருபுறம், அவ்வளவாகப் பழகாத ஒருவன், நேற்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன், தடை இல்லாமல் கூடைக்குப் பக்கத்தில் நிற்கிறான். பந்து யாருக்கு? கண் இமைக்கும் நேரத்தில் பதினைந்து வயதுப் பையன் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். நமக்கு ஐம்பது வயது ஆன பிறகும் அலுவலகத்திலும் சங்கத்திலும் சொந்தக் குடும்பத்திலும் இதே கேள்விதான் வருகிறது. நாம் விடை சொல்லாமல் நாளைக் கடத்துகிறோம். அந்தப் பையனுக்கு அந்த வசதி இல்லை.

ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்று ஒரு நகரம் உண்டு. ரப்பர்த் தொழிலுக்கும் டயர்களுக்கும் பேர்போன ஊர். அங்கே நான்கு கறுப்பினச் சிறுவர்கள் சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் கூடைப்பந்து ஆடி வந்தார்கள். லெப்ரான் ஜேம்ஸ், சியான் காட்டன், வில்லி மெக்கீ, டுரூ ஜாய்ஸ் என்பவை அவர்கள் பெயர்கள். லெப்ரான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார். அப்போது அவரும் மற்றவர்களைப் போல ஒரு சிறுவர்தான். டுரூவின் தந்தையே அவர்களுக்குப் பயிற்சியாளர். உயர்நிலைப் பள்ளிக்குப் போனாலும் பிரியாமல் ஒரே பள்ளியில் சேர்வது என்று நால்வரும் முடிவு செய்துகொண்டார்கள்.

எந்தப் பள்ளி? கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் இருந்த புக்டெல் பள்ளிக்குத்தான் அவர்கள் போவார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. ஆனால் டுரூவுக்கு ஒரு குறை இருந்தது. அவர் ஐந்தடிக்கும் குறைவான உயரம் உடையவர். கூடைப்பந்தில் உயரம் பெரிய செல்வம். அந்தச் செல்வம் இல்லாத தனக்குப் புக்டெல் அணியில் உரிய இடம் கிடைக்காது என்று அவர் அஞ்சினார். அதனால் செயின்ட் வின்சென்ட் - செயின்ட் மேரி என்ற கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகத் துணிந்தார். அங்கே மாணவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். மற்ற மூவரும் எந்தப் பள்ளியிலும் வரவேற்புப் பெறக்கூடியவர்கள், குறிப்பாக லெப்ரான். ஆயினும் அவர்கள் டுரூவின் பின்னே போனார்கள். தங்களை விட்டுவிட்டார்கள் என்று சொந்த மக்களே மனம் வருந்தினார்கள். அந்த வருத்தத்தையும் சிறுவர்கள் சுமந்தார்கள்.

நால்வரில் குட்டையானவனுக்கு இடம் கிடைக்கும் பள்ளியே நால்வருக்கும் பள்ளி! இது நட்பின் உயர்ந்த நிலை. வலிமை உள்ளவன் தன் வலிமைக்கு ஏற்ற இடத்தைத் தேடவில்லை. வலிமை குறைந்தவனுக்கு ஏற்ற இடத்தைத் தேடினான். அந்த நட்பு வீண் போகவும் இல்லை. முதல் ஆண்டிலேயே அந்த அணி 27 ஆட்டங்களிலும் வென்றது. 2000ஆம் ஆண்டு மாநில இறுதி ஆட்டத்தில், மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த டுரூ, தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகள் ஏழை எறிந்து ஏழையும் கூடைக்குள் போட்டார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். நண்பர்கள் ஒருவருக்கொருவர் உதவுவது நல்லது. ஆனால் அது புதுமை அன்று. கள்வர்களும் தங்களுக்குள் அப்படி உதவிக்கொள்கிறார்கள்.

நட்புக்கு உண்மையான சோதனை அடுத்த ஆண்டில் வந்தது. ரோமியோ டிராவிஸ் என்ற மாணவர் வேறு பள்ளியிலிருந்து வந்து அணியில் சேர்ந்தார். நல்ல உயரம், நல்ல ஆட்டம். ஆனால் அவர் நால்வரின் உலகத்துக்கு வெளியே இருந்தவர். எளிதில் யாரையும் நம்பாதவர். அவர்களும் எளிதில் அவரை ஏற்கவில்லை. உரசலும் சண்டையும் இருந்தன. இதில் யாரைக் குறை சொல்வது? நால்வருக்கும் பொதுவான நினைவுகள் ஆயிரம். அவர்கள் சிரிக்கும் சிரிப்புக்குக் காரணம் அவருக்குத் தெரியாது. நான்கு பேர் கூடிச் சிரிக்கும் இடத்தில் காரணம் தெரியாமல் நிற்பதைப் போன்ற தனிமை வேறு எது? வீட்டுக்கு வந்த மருமகளுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் அந்தத் தனிமை தெரியும்.

நண்பர்களிடையே நீதிக்குத் தேவை இல்லை என்பது அரிஸ்டாட்டில் சொன்ன கருத்து. அன்பு இருக்கும் இடத்தில் உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்ற கணக்கு எழுவதில்லை என்பது அதன் பொருள். இருவர் மட்டும் இருக்கும் அறையில் அது உண்மை. ஆனால் அந்த அறைக்குள் ஐந்தாமவன் ஒருவன் வந்து நின்றால், உடனே நீதிக்குத் தேவை வந்துவிடுகிறது. இதுவரை அன்பு என்று நாம் அழைத்தது, அவன் கண்ணுக்கு ஓரவஞ்சனையாகத் தெரிகிறது. ஒரே செயல் உள்ளே இருப்பவனுக்குப் பாசம். வெளியே நிற்பவனுக்கு அநீதி. இந்த இரண்டும் மோதும்போது என்ன செய்வது என்பதுதான் நம் சிக்கல்.

நட்பை விட்டுவிடு, திறமையை மட்டும் பார் என்று சிலர் கூறுவார்கள். அது பாதி உண்மை. திறமையை மட்டும் பார்த்திருந்தால் அந்த நால்வர் ஒரே பள்ளிக்குப் போயிருக்கவே மாட்டார்கள். டுரூவின் ஏழு எறிகளும் இல்லை. நட்பே போதும், திறமை எதற்கு என்று வேறு சிலர் கூறுவார்கள். அதுவும் பாதி உண்மைதான். நண்பன் என்பதற்காகவே பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால் அணி தோற்கும். தோல்வி வந்தபின் நட்பும் கசக்கும்.

இந்தச் சிக்கலுக்கு நான் காணும் விடை வில்லி மெக்கீயிடம் இருக்கிறது. ரோமியோ வந்து வளர வளர, நால்வரில் ஒருவரான வில்லிக்குக் களத்தில் கிடைத்த நேரம் குறைந்தது. பழைய நண்பனின் இடத்துக்குப் புதியவன் வந்தான். அப்போது வில்லி மற்ற மூவரையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டு புதியவரை ஒதுக்கியிருக்கலாம். பல சங்கங்களும் பல கட்சிகளும் இப்படித்தான் உடைகின்றன. அவர் அப்படிச் செய்யவில்லை. பலகையில் உட்கார்ந்து அணிக்கு வேண்டியவராகவே இருந்தார். நண்பர்களுக்காகத் தம் இடத்தைக் கொடுப்பது அரிது. நண்பன் அல்லாதவனுக்குக் கொடுப்பது அதைவிட அரிது. புகழ் பெற்றவர்களின் பெயர்களுக்கு நடுவே இந்தப் பெயரை நான் மதிப்போடு எழுதுகிறேன்.

இதற்குள் இன்னொரு பாடமும் வந்தது. பள்ளியின் பழைய பயிற்சியாளர் 2001இல் கல்லூரி ஒன்றுக்குப் போய்விட, டுரூவின் தந்தை அந்தப் பொறுப்பை ஏற்றார். வெற்றியும் விளம்பரமும் பிள்ளைகளின் தலைக்கு ஏறியிருந்த காலம் அது. பயிற்சியாளரின் சொல்லுக்கு உரிய மதிப்பு இல்லை. 2002ஆம் ஆண்டு மாநில இறுதி ஆட்டத்தில் சின்சினாட்டி நகரத்து ரோஜர் பேக்கன் பள்ளியிடம் 66க்கு 71 என்ற கணக்கில் தோற்றார்கள். நட்பு குறைந்ததனால் தோற்றார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒருவரையொருவர் திருத்தாத நட்பு, நிறைந்திருந்தாலும் தோற்கும். நட்புக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர், நட்பாராய்தலுக்கும் தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் தனித்தனி அதிகாரம் எழுதியதற்குக் காரணம் உண்டு.

கடைசி ஆண்டில் அந்த நட்பு முழுமை பெற்றது. 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு கடையில் இரண்டு ஆட்டச் சட்டைகளை இலவசமாகப் பெற்றார் என்பதற்காக லெப்ரான் ஆடக் கூடாது என்று மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் தடை விதித்தது. பின்னர் நீதிமன்றத்தால் அவர் திரும்பி வந்தார். ஆனால் அதற்கிடையில் ஓர் ஆட்டம் வந்துவிட்டது.   லெப்ரான் வெளியே உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாமல் மற்றவர்கள் ஒரே ஒரு புள்ளியில் வென்றார்கள். பெரியவன் ஒருவனின் நிழலில் வாழ்ந்தவர்கள் அல்லர் தாங்கள் என்பதை அன்று காட்டினார்கள். அந்த ஆண்டு மாநிலப் பட்டமும் நாட்டின் முதல் அணி என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்தன. அதற்குள் நால்வர் என்ற பேச்சு மறைந்து ஐவர் என்ற பேச்சு வந்திருந்தது. ரோமியோ அந்த ஐவரில் ஒருவர்.

நால்வர் ஐவரானது எப்படி? ஒரு நாளில் நேர்ந்தது அன்று. பந்தைக் கொடுத்துக் கொடுத்து நேர்ந்தது. முதலில் மனம் ஒத்து, பிறகு பந்து கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தால் அது நடந்திருக்காது. கை முதலில் கொடுத்தது. மனம் பின்னால் வந்தது. நம் வாழ்விலும் பல நேரங்களில் இதுவே வழி. பிடிக்காத ஒருவனிடம் அன்பு காட்டு என்றால் நம்மால் முடிவதில்லை. அவனுக்கு உரியதை உரிய நேரத்தில் கொடு என்றால் முடியும். அதை நாள்தோறும் செய்துவந்தால், ஒருநாள் அவன் அயலான் அல்லன் என்று தெரிகிறது.

ஆகவே நட்பும் நீதியும் பகை அல்ல. நட்பு ஒரு வீடு என்றால் நீதி அதன் வாசல். வாசல் இல்லாத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சிறைதான். பிள்ளைகளைப் பார்த்து, நல்ல நண்பர்களைத் தேடிக்கொள்ளுங்கள் என்று நாம் அறிவுரை கூறுகிறோம். அதோடு இன்னொன்றையும் கூற வேண்டும். உங்கள் கூட்டத்துக்கு வெளியே நிற்பவன் கூடைக்குப் பக்கத்தில் நின்றால் பந்தை அவனிடம் கொடுங்கள். நண்பன் கோபித்துக்கொள்ளமாட்டான், கோபித்துக்கொண்டால், அவன் நட்பையும் ஆராய வேண்டிய காலம் வந்துவிட்டது.