அழகைக் காணும் உரிமை

இயற்கையின் அழகில் மனிதன் ஈடுபடுவதைக் குறித்து இரு கருத்துகள் நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. காட்டிலே உலாவுவதும் ஏரிக்கரையில் நின்று மலை பார்ப்பதும் ஓய்வுடைய வர்க்கத்தின் பொழுதுபோக்கேயன்றி வேறில்லை. பசித்தவனுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை என்பது ஒன்று. அழகு வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டது. மலையின் முன்னே நின்று பொருளாதாரம் பேசுவது ரசனையற்றவர் செயல் என்பது மற்றொன்று. முன்னதை நம் தோழர்களிற் சிலரும் பின்னதை நம் கலாரசிகர்களிற் பலரும் கூறக் கேட்கிறோம். இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பதே நம் எண்ணம்.

மலையகத்தில் ஆசிரியத் தொழில் புரிவோருக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. அம்மலையிலே நம் மாணவரின் தாய்மார் கொழுந்து பறிப்பதும் தெரிகிறது. குழந்தைகளிடம் எதைப் பார் என்று சொல்வது? மலையையா, தாயையா?

நுவரெலியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கு செல்வோர் தவறாது காண்பது கிரகரி ஏரி. பிதுருதலாகலை மலையிலிருந்து இறங்கிவரும் ஓடையை மறித்து 1873ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது அது. அந்நாளில் ஆளுநராயிருந்த வில்லியம் கிரகரியின் பெயரை ஏரி இன்றும் தாங்கி நிற்கிறது. மண்ணை வெட்டிச் சுமந்தோரின் பெயரைத் தாங்கவில்லை. 1913இல் அதன் நீர் மின்சாரம் ஆக்கும் பணிக்கும் திருப்பப்பட்டது. ஏரியை விட்டுச் சிறிது தூரம் நடந்தால் கல்வேஸ் காட்டை அடையலாம். 1938இல் சரணாலயமாகவும் 2006இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அது, முப்பது ஹெக்டேயருக்கும் குறைந்த சிறு காடுதான். ஆயினும் இத்தீவுக்கே உரிய பறவைகளும், மாரிகாலத்தில் வடதிசையிலிருந்து வலசை வரும் பறவைகளும் அந்தச் சிறு காட்டை நம்பி வருகின்றன.

இன்னும் மேலே, ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் ஹோர்ட்டன் சமவெளி பரந்து கிடக்கிறது. மஹா எலிய என்று சிங்கள மக்கள் வழங்கிய நிலத்தின்மேல், 1831 முதல் 1837 வரை ஆண்ட ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் சூட்டப்பட்டது. பனி விலகும் காலைப்பொழுதில் புல்வெளியில் மரைகள் மேய்வதையும், மகாரத்மல் மரங்கள் செம்மலர் சூடி நிற்பதையும், பல்லாண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் நெலுச் செடிகளையும் கண்டவர் மறப்பதில்லை. அந்த நெலு, நம் குறிஞ்சிக்கு உறவான செடி. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் தாய்மடி அப்பிரதேசம். 1969இல் சரணாலயமாகி, 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது.

இக்காடு ஏன் எஞ்சியது என்று கேட்க வேண்டும். தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்கலாகாதென்று 1873இல் ஆணை பிறந்தது. கிரகரி ஏரி ஆக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவ்வாணை பிறக்குமுன்னரே கீழ்மலைகளின் பெருங்காடுகள் கோப்பிப் பயிருக்காக வெட்டி எரிக்கப்பட்டுவிட்டன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்கு உரியனவாக்கிற்று. அரசு அவற்றைத் துரைமாருக்கு விற்றது. சிங்களக் குடியானவன் தன் காட்டை இழந்தான். அக்காட்டை வெட்டுவதற்குத் தமிழ்க் கூலி அழைத்து வரப்பட்டான். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை மாய்த்தபின் அதே சரிவுகளில் தேயிலை ஏறிற்று.

அத்தொழிலாளர் எவ்வாறு வந்தனர்? நடந்தே வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற வன்னிக் காடுகளினூடாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். இன்று நாம் காட்டு நடை என்று மகிழ்ச்சியோடு கூறும் செயல், அவர்களுக்கு உயிரைப் பணயம் வைத்த செயலாக இருந்தது. அடர்ந்த மரமும் ஒற்றையடிப் பாதையும் அட்டைக்கடியும் அன்றும் இருந்தன. விரும்பி நடப்பதற்கும் வேறு வழியின்றி நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காடு உண்டாக்கவில்லை. மனிதர் அமைத்த சமுதாயமே உண்டாக்கிற்று.

இனி முதற் கருத்தை ஆராய்வோம். பசித்தவன் அழகை அறியான் என்பது உண்மையா? சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப்புறங்களில் தேடித் தொகுத்து வெளியிட்ட நாட்டார் பாடல்களைப் படித்தவர் அவ்வாறு கூறமாட்டார். தமக்கு அந்நியமான ஆங்கிலப் பெயர் தாங்கிய தோட்டங்களுக்குத் தாமே தமிழ்ப் பெயரிட்டு அழைத்தவர்கள் அம்மக்கள். மார்கழி தொடங்கி வைகாசி வரை மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்று, இரவெல்லாம் படியேறிச் சிவனொளிபாத மலையின் உச்சியில் கதிரவன் எழுவதைக் காணக் காத்திருப்போருள் தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர்! அவர்களைப் பக்தர் என்போம். அழகை நாடி வந்தோர் என்று சொல்ல நமக்கு ஏனோ நாவெழுவதில்லை. ஏழைக்கு ரசனை இல்லை என்னும் கூற்று, ஏழைக்குப் பரிந்து பேசுவதுபோல் தோன்றி, அவனுடைய மனிதத் தன்மையின் ஒரு பாதியைப் பறித்துக்கொள்கிறது.

அவர்களுக்கு இல்லாதது கண் அன்று, பொழுது. குறித்த அளவு கொழுந்து பறிக்காவிடில் அரைப்பேர். மலைக்குப் போகாவிடில் பேரே இல்லை. ஒரு நாள் ஏரிக்கரைக்குச் செல்ல விரும்பும் தாய், பஸ் கட்டணத்தோடு அன்றைய கூலியையும் இழக்க வேண்டும். நாட்கூலியாக ஆயிரம் ரூபா என்னும் கோரிக்கையை வைத்துப் பல ஆண்டுகள் போராடி 2021இலேதான் அதனை எட்டிய மக்கள் இவர்கள். அதற்குள் விலைவாசி அவர்களை முந்திச் சென்றுவிட்டது. தேயிலை மலையைக் காண உலகெங்கிலுமிருந்து மனிதர் வருகின்றனர். அம்மலைக்கு அப்பால் இருப்பதைக் காண, அம்மலையில் பிறந்த குழந்தைக்கு வழியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர்களை ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்றோம். ஏறத்தாழ இருபது மைல் தொலைவில் வாழ்ந்தும், அவர்களுள் ஒருவர்கூட முன்னர் அதைக் கண்டதில்லை. உலக முடிவு எனப்படும் செங்குத்தான பாறை விளிம்பில் நின்றபோது, பிறர் எல்லாம் பள்ளத்தின் ஆழத்தைக் கண்டு வியந்தனர். ஒரு மாணவி மட்டும் மிகக் கீழே, புகைபோல் தெரிந்த பசுமையினிடையே விரலை நீட்டி, “அங்கே லயம் தெரியுது, சேர்” என்றாள். அவள் அழகைக் காணத் தவறவில்லை. நெலுப் பூவை முதலிற் கண்டு பிறருக்குக் காட்டியவளும் அவளே. அழகோடு சேர்த்து மனிதரையும் கண்டாள் என்பதே வேறுபாடு.

இவ்விடத்தில் இரண்டாவது கருத்தும் சாய்ந்துவிடுகிறது. தமிழ் மரபு இம்மாணவியின் பக்கமே நிற்கிறது என்பதை நம் புலவர்கள் மறந்துவிடலாகாது. நிலத்தைப் பாடுவதற்குத் தொல்காப்பியம் வகுத்த நெறியில், நிலமும் பொழுதும் முதற்பொருள். கருப்பொருளை எண்ணும்போது தெய்வத்தோடும் மரத்தோடும் புள்ளோடும் அந்நிலத்து மக்களின் உணவும் தொழிலும் ஒன்றாகவே வைக்கப்பட்டன. தினையும் அதனைக் காப்பவரும் நீங்கிய வெறும் மலை, நம் இலக்கணப்படி குறிஞ்சி ஆகாது. உழைப்பவனை நீக்கிவிட்டு இயற்கையை ரசிப்பதே உயர்ந்த ரசனை என்பது நமக்கு மிகவும் பிந்தி வந்த பாடம்.

அவனை நீக்கிவிடுவதினும் கொடியது ஒன்று உண்டு. அவனைக் காட்சிப் பொருளாக்குவது. கூடை சுமந்த பெண்ணின் படம் தேயிலைப் பெட்டிமீது இருக்கிறது. பாதையிற் செல்வோர் அவளை நிறுத்திப் படம் எடுக்கின்றனர். அவள் கூடையின் நிறையை எத்தனை பேர் கேட்டனர்? அண்மை ஆண்டுகளில் பெக்கோ நடைபாதை என்ற பெயரில், கண்டியின் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் நெடும்பாதை ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அப்பாதை, பூண்டுலோயா, நோர்வூட், பொகவந்தலாவை என நாம் நன்கறிந்த ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. பெரும்பாலும் அது புதிதாக வெட்டப்பட்ட பாதை அன்று. தேயிலையையும் ஆட்களையும் கொண்டு செல்லத் தொழிலாளர் மண்வெட்டியால் திருத்திய பழைய தோட்டப் பாதைகளே அங்கு இணைக்கப்பட்டன. அதனை நாம் பழிக்கவில்லை. மோட்டார் வண்டியில் பறந்து செல்வோனைவிட, நடந்து செல்வோன் லயத்தின் வாசலைக் காணவும் அங்குள்ளோருடன் பேசவும் வாய்ப்பு அதிகம். ஆனால் வாய்ப்பு வேறு, பார்வை வேறு.

மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைக் கண்டோர் அதன் எழிலை வியப்பர். சிவனொளிபாத மலை நிழல்படும் அந்நீரின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. 1960களின் பிற்பகுதியில் அணை எழுந்தபோது அந்நகரம் மூழ்கிற்று. கடுங்கோடையில் நீர் வற்றினால், பழைய கோயிலின் எச்சங்கள் வெளியே தலைகாட்டுகின்றன. அவ்வணையால் நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது, அது தேவையே. ஆயினும் ஓர் ஏரியைக் காண்பது என்றால், அதன் அடியில் உள்ளதையும் சேர்த்து அறிவதே ஆகும். அவ்வாறு அறிந்தவனுக்கு ஏரியின் அழகு குறைந்துவிடுமா? குறையாது. அவ்வழகு அவனிடம் ஒரு கடமையையும் எதிர்பார்க்கும், அவ்வளவே.

அப்படியாயின், உழைப்போர் அனைவருக்கும் ஓய்வு கிட்டும்வரை நாம் காட்டிற்கும் ஏரிக்கும் செல்லாதிருத்தல் அறமா? அன்று. துறவு பூண்ட பத்துப் பேரால் ஒரு தொழிலாளிக்கும் ஒரு நாள் விடுமுறை கிட்டிவிடாது. இங்கிலாந்தின் வரலாறு இதற்கு வேறொரு விடை தருகிறது. டெர்பிஷயரில் கின்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம், நிலப்பிரபுக்களின் பறவை வேட்டைக்காகப் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், மான்செஸ்டர் முதலிய ஆலை நகரங்களின் இளந்தொழிலாளர் சில நூறு பேர் திரண்டு, தடையை மீறி அம்மேட்டில் நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். மலையழகு முதலாளிகளின் ஆடம்பரம், நமக்கு அது வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மலை எங்களுக்கும் உரியது என்றனர். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடக்கும் உரிமைக்கும் அந்நாட்டில் சட்டம் வந்ததற்கு அத்தகைய போராட்டங்களும் காரணமாயின.

நம் மலையக மக்களும் நடந்து காட்டினர். 2023ஆம் ஆண்டில், தம் முன்னோர் வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியிலேயே நடந்து சென்றனர். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை குடியுரிமைக்காகக் காத்திருந்த ஒரு சமூகத்தின் நடை அது. காணியும் வீடும் கண்ணியமும் கேட்ட நடை. எல்லோரும் வந்தால் காடு அழியும் என்று அஞ்சுவோர் உண்டு. கோப்பிக் காலத்தில் காட்டை எரித்தவன் கூலி பெற்றவனா, கட்டளையிட்டவனா என்று அவர்களைக் கேட்போம். காட்டிற்குக் காவல் தேவை, விதிகளும் தேவை. ஆனால் சுள்ளி பொறுக்கும் பெண்ணைக் காட்டின் பகைவர் என்று கூறுமுன், அவள் அடுப்பெரிக்க என்ன செய்வாள் என்பதற்கும் விடை தர வேண்டும். தனக்கென ஒரு துண்டு நிலமும் இல்லாதவனிடம் நிலத்தைப் பேணுமாறு உபதேசிப்பது எளிது, பயன் தராது.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, நாம் செய்ய வேண்டியவை இரண்டு. நம் பிள்ளைகளைக் காட்டிற்கு அழைத்துச் செல்வோம். பறவையின் பெயரையும் மரத்தின் பெயரையும் சொல்லிக் கொடுக்கும் அதே நேரத்தில், பாதையை வெட்டியவர் யாரென்பதையும் சொல்லிக் கொடுப்போம். அத்தோடு நின்றுவிடாமல், கூலி உயர்வையும் காணி உரிமையையும் கேட்கும் தொழிலாளரோடு சேர்ந்து, கூலியோடு கூடிய ஓய்வையும் கேட்போம். நோயுற்றபோது படுப்பதற்கான ஓய்வு மட்டுமன்று. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு நாள் முழுதும் வீணே நடப்பதற்கான ஓய்வு. உணவைப்போல் அதுவும் மனிதனுக்கு உரியது என்று சொல்ல நாம் தயங்கலாகாது.